வலது பக்கத்து ரப்பர்

பட்டினப்பாக்கம்
4.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்று நீ சொல்லியும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். போன மாதம் புழல் சிறைக்கு உன்னை மனுப் போட்டுப் பார்க்க வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. நான் பேசியது உனக்கு ஒன்றுமே கேட்டிருக்காது. தாளில் என்றால் எனக்குக் கொஞ்சம் பேச வருகிறது.

அம்மா நன்றாக இருக்கிறாள். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. ஆழ்வார்பேட்டை வீட்டில் மறுபடியும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? மாத்திரை தருகிறார்களா? நான் தி.நகர் துணிக்கடையில்தான் இன்னும் பில் போடுகிறேன். அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. நியமன ஆணை வரும், காத்திருங்கள் என்கிறார்கள்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். ஸ்ரீநாத் சாருடைய அந்தப் பழைய பச்சை இங்கிலீஷ் காரை நீதிமன்றத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். போன புதன்கிழமை உங்கள் மந்தைவெளி ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வந்தார்களாம். சைஃப் அண்ணன் எனக்குப் போன் செய்து வரச் சொன்னார். போனேன். முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி வைத்திருந்தார்.

"இன்னாம்மா இது, ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் பொணம்?" என்றார்.

குனிந்து பார்த்தேன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, சட்டத்தோடு சேரும் இடத்தில், முழங்கால் சவ்வு மாதிரி என்று நீ எனக்குச் சொல்லித் தந்தாயே, அந்தப் புஷ். இடது பக்கம் நீல நிறத்தில் புது பிளாஸ்டிக் வளையம். வலது பக்கம் பழைய கறுப்பு ரப்பர், வெடித்து, விரலை விட்டால் பிய்ந்து வருகிற நிலையில்.

"உங்க அண்ணன் கை வேலை இப்டி இருக்காதே. எட்டு வருசமா பாக்கறேன்" என்றார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஸ்ரீநாத் சார் வண்டியைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார். புதுப் புஷ் இங்கிலாந்திலிருந்துதான் வரவேண்டும். ஆங்கிலத்தில் பார்த்து வரவழைக்க என்னைத்தான் கேட்கிறார்கள். ரப்பரா, அந்த நீலமா? எதைப் போடலாம் என்று எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
ஜெயபாரதி


புழல்
19.6.2025

பாரதிக்கு அண்ணன் சக்திவேல் எழுதுறது,

நான் நல்லா கீறேன். வயிறு பரவால்ல. அம்மாவ மாடிப்படி ஏற வேணாம்னு சொல்லு. காயிதம் கெடைச்சுது. மன்னிப்புல்லாம் எதுக்கு? ஆனா ஒண்ணு. இங்க எல்லாத்தையும் பிரிச்சு படிச்சிட்டுத்தான் குடுக்கறாங்க. அதனால வண்டி வேலைய பத்தி மட்டும் எழுது. கேஸ பத்தி ஒரு எழுத்து வேணாம்.

புஷ் கேட்டியே. ரப்பர் போடச் சொல்லு. நீலம் கல்லு மாதிரி. ரேஸ் ஓட்றவனுக்கு சரி. நம்ம ரோட்ல ஒவ்வொரு பள்ளமும் நேரா முதுகுல வந்து ஒக்காரும். ஸ்ரீநாத் சாருக்கு அறுவது தாண்டிச்சு, இடுப்புல ஏற்கெனவே பெல்ட்டு கட்டிகினு கீறாரு. கிரீஸ் காஞ்சிச்சுன்னா நீலம் எலி மாதிரி கத்தும். ரப்பர் நம்ம வெயிலுக்கு சீக்கிரம் வெடிக்கும், ஒத்துக்கறேன். ஆனா அது வாங்கிக்கும். வாங்கிக்கறதுக்குத்தானே அத வெச்சதே?

இன்னொண்ணு சைஃப் கைல சொல்லு. ரப்பர் புஷ்ஷுன்னா போல்ட்ட வண்டி ஜாக்கில தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரைல நிக்கணும், வண்டி வெயிட்டு மொத்தமும் எறங்கணும், அப்பறம்தான் இறுக்கணும். இல்லாட்டி ரப்பர் முறுக்கிக்கினே இருந்து கிழிஞ்சிடும். அவனுக்குத் தெரியும். ஆனா அவன் அவசரக் குடுக்கை.

இத எழுதும்போதே கைல கிரீஸ் வாசனை வருது. இங்க தோட்ட வேலை குடுத்திருக்காங்க.

சீக்கிரமா ஆர்டர் போடு. கழட்டுன பழச எல்லாம் குப்பைல போடச் சொல்லு. ரெண்டு பக்கத்துதும். ஷெட்ல வெச்சிக்கினு இருக்க வேணாம்.

அண்ணன்
சக்திவேல்


பட்டினப்பாக்கம்
27.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எலி மாதிரி கத்தும் என்ற இடத்தில் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மற்றபடி இருவரும் சுகம்.

நீ சொன்னதையெல்லாம் சைஃப் அண்ணனிடம் சொன்னேன். "அவசரக் குடுக்கையா நானு? உள்ள ஒக்காந்துகினு நக்கலப் பாரு அவனுக்கு" என்றார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நேற்றுக் கடையில் சாப்பாட்டு நேரத்தில் போனில் அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். அதே பக்கம்தான். அதே படம். வெள்ளைத் துணிமேல் நாலு வளையம். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. இந்தத் தடவை அதைப் படித்தேன்.

இன்னும் ஆர்டர் போடவில்லை. புதுசு வராமல் பழசைக் கழற்றமாட்டேன், கழற்றினால் வண்டி அந்தரத்தில் நிற்கும் என்கிறார் சைஃப் அண்ணன். அதனால் இரண்டு பக்கமும் இருந்தது இருந்தபடியே இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாரதி


புழல்
8.7.2025

பாரதிக்கு,

சுகம். அங்க சுகமா?

ஏன் இன்னும் ஆர்டர் போடல? ரெண்டு பக்கத்துக்கும் ரப்பர். இதுல யோசிக்க இன்னா கீது? இந்த வாரமே போடு. போட்டுட்டு ஒரு வரி எழுது. அது போதும்.

நியமன ஆர்டர் வந்துச்சா?

சக்திவேல்


பட்டினப்பாக்கம்
21.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு நாளாய்ச் சளி, கஷாயம் கொடுத்திருக்கிறேன். ஆணை இன்னும் வரவில்லை.

நான் கொட்டிவாக்கம் போயிருந்தேன். கோபப்படாமல் படி. வார லீவு அன்று போனேன். அய்யாதுரையின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. "லூப் ரோட்ல கார் மோதி செத்தாரே, வாட்ச்மேன்" என்றதும் காய்கறிக்காரரே கூட்டிப்போய்க் காட்டினார்.

வாசலில் அவருடைய மொபெட் நிற்கிறது. ஹேண்டில் பின்பக்கமாய் மடங்கியிருக்கிறது. அதன்மேல் துணி காயப்போட்டிருந்தார்கள். அவர் மனைவி என்னை யாரென்று கேட்கவில்லை. கையில் ஃபைல் இருந்ததால் இழப்பீட்டு விஷயமாய் வந்த பெண் என்று நினைத்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். மகள் கீர்த்தி பதினொன்றாவது படிக்கிறாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரமாய் நின்றாள்.

"நைட் டூட்டி முடிச்சு வந்தாவ" என்றார் அந்த அம்மா. "காலையில டீ போட்டு மூடி வச்சிருந்தேன். ஒண்ணு கேக்கேன், நீங்க படிச்ச பிள்ள, சொல்லுங்க. வண்டி கெட்டுப்போயி வந்து மோதிச்சுன்னா விதின்னு இருந்துருவேன். வெளையாட்டுக்கு ஓட்டுனானாம்லா. வேகமாப் போயி பாக்கணும்னு ஆசையா இருந்துச்சின்னு அவனே போலீசுல சொன்னானாம்லா. வெளையாட்டுக்குன்னா மனசு எப்பிடி ஆறும்?"

"அம்மா, விடு" என்றாள் கீர்த்தி.

"நீ சும்மா இருட்டி. ராத்திரி பூரா கண்ணு முழிச்சு அடுத்தவன் கடைய காத்தவருக்கு, விடியக்காலம் ஒருத்தன் வெளையாட்டுல சாவு."

தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்திருக்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

புஷ் ஆர்டர் இன்னும் போடவில்லை.

பாரதி


பட்டினப்பாக்கம்
12.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் எழுதி மூன்று வாரமாகியும் உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? வெள்ளிக்கிழமை உன் ஜாமீன் மனு மறுபடியும் தள்ளுபடி ஆனதை சூடாமணி வக்கீலம்மா சொன்னார். இலவச சட்ட உதவியில் வந்தவர் என்றாலும் அவரே போன் செய்தார். "வேடிக்கைக்கு ஓட்டினேன்னு அவனே எழுதிக் கொடுத்திருக்கான்மா, நான் எதை வெச்சு வாதாடறது?" என்றார்.

ஸ்ரீநாத் சாரும் போன் செய்தார். பார்சல் என்ன ஆச்சு என்று கேட்டார். மீனம்பாக்கத்தில் சுங்கத்தில் நிற்கிறது என்று சொன்னேன். அனுப்பச் சொல்லாத பார்சல் சுங்கத்தில் நிற்கிறது. எனக்கு இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று தெரியாது.

அம்மாவுக்குச் சளி விட்டுவிட்டது. ஒரு வரியாவது எழுது.

பாரதி


புழல்
26.8.2025

பாரதிக்கு,

அம்மாவுக்கு சளி விட்டதுல சந்தோசம். எனக்கு ஒண்ணும் இல்ல. எழுத மனசு வரல, அவ்ளோதான்.

நீ ஏன் அங்க போன? யார் சொன்னா உன்ன? அந்தம்மா திட்டுனா என்னத்தானே திட்டுது, திட்டிட்டுப் போகட்டும். திட்டறதுக்கு ஒரு ஆளாச்சும் வேணாமா அவங்களுக்கு? நீ நடுவுல போயி இன்னா பண்ணப் போற?

நான் வேகமா ஓட்னேன். எழுதிக் குடுத்தேன். முடிஞ்சுது.

நல்லா கேட்டுக்க. வேலை ஆர்டர் வந்த பெறவு போலீஸ்ல விசாரிக்க வருவாங்க. அண்ணன் உள்ள கீறான்னு தெரியும், அது உன் தப்பில்ல. ஆனா கேஸு கட்டுக்குள்ள உன் பேரு ஒரு எடத்துல வந்துச்சுன்னா அவ்ளோதான். நாலு வருசம் பரீச்ச எழுதினதெல்லாம் போச்சு. நம்ம பிளாக்குல நூத்தி இருவது வூடு கீது. அதுல காலேஜ் முடிச்ச பொண்ணு நீதான் மொதல்ல. ஒரு பஞ்சாயத்துன்னா, பேங்க் ஃபாரம்னா, "சக்தி தங்கச்சிய கூப்பிடு"ன்றாங்க. அது எனக்கு போதும். ரெண்டு வருசமோ மூணு வருசமோ, நான் இருந்துட்டு வர்றேன்.

ரப்பர் வாங்கு. மாட்டச் சொல்லு. பழச தூக்கிப் போடு. எனக்கு இனிமே காயிதம் போடாத.

சக்திவேல்


பட்டினப்பாக்கம்
15.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? அம்மா உன் சட்டை இரண்டைத் தைத்து வைத்திருக்கிறாள். அடுத்த மனுவுக்குக் கொண்டுவருவாள். காயிதம் போடாதே என்றாய். போடுகிறேன். இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

போன வியாழக்கிழமை ஆணை வந்தது. செங்கல்பட்டில் இளநிலை உதவியாளர். அம்மா அதை விளக்கின் முன்னால் வைத்துவிட்டு உன் பெயரைச் சொல்லி அழுதாள்.

ஜனவரியில் ஷெட்டில் பார்சல் பிரித்தோமே, அந்த நாளை நீ எங்கும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஸ்ரீநாத் சார் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஆர்டர் போட்டது யாருடா? உன் தங்கையா? பேஷ்! பவுண்டுல பணம் கட்டி, கஸ்டம்ஸ் பேப்பர் எல்லாம் பூர்த்தி பண்ணி... என் பிள்ளைகூட இவ்ளோ பொறுப்பா செய்யமாட்டான்" என்றார். நீ பட்டன் போடாத சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாய். பிறகு பெட்டியைப் பிரித்தாய். நாலு வளையம். சக்கரம் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு பக்கத்துக்கே நாலு வேண்டும். ஒரு பக்கத்துக்கான செட் என்று படத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை நான் படிக்கவில்லை. உன்னிடம் கேட்டிருக்கலாம். எத்தனை வேண்டும் என்று ஒரு வார்த்தை. படித்தவள் போய்க் கேட்பதா என்று கேட்கவில்லை.

நீ நாலையும் எடுத்துப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "சரியா கீது சார். இடது பக்கத்துக்குத்தான் சொல்லியிருந்தேன். வலது பக்கம் நல்லா கீது, மாத்த வேணாம்" என்றாய்.

ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசும் போடக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான். அன்று எனக்காக அப்படிப் போட்டாய்.

விபத்து நடந்த அன்று போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் வைத்து நீ என்னிடம் சொன்னாய்: "நாப்பதுலதான் போனேன் பாரதி. வண்டிய சாருக்கு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ட்ரையல். நாய் குறுக்க வந்துச்சு. பிரேக் அமுக்குனேன். வண்டி வலது பக்கம் புடுங்கிக்கினு போச்சு." பத்து நிமிஷம் கழித்து, என் பெயர் வரக் கூடாதென்று உள்ளே போய், வேடிக்கைக்கு வேகமாக ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்தாய். ஓட்டினவனே ஒத்துக்கொண்டதால் வண்டியைச் சோதிக்க வந்தவர்கள் பிரேக்கை மட்டும் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று எழுதினார்கள். யாரும் குனிந்து அந்த ரப்பரைப் பார்க்கவில்லை.

நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதே எழுந்து வந்து சொல்லியிருக்க வேண்டும்.

பாரதி


புழல்
24.9.2025

பாப்பா,

வேணாம். உன் கால்ல விழறேன். வேலைல போயி சேரு.

அண்ணன்


பட்டினப்பாக்கம்
7.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அதே தண்ணீரில் மறுபடி மறுபடி களைந்துகொண்டே இருந்தாள். நான்தான் பாத்திரத்தை வாங்கினேன்.

மூன்றாம் தேதி வேலையில் சேர்ந்துவிட்டேன். நீ கேட்டதில் அது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

சேருவதற்கு முந்தின நாள் கோபாலபுரம் போனேன். ஸ்ரீநாத் சாரிடம், பார்சல் எதுவும் சுங்கத்தில் இல்லை, நான் ஆர்டரே போடவில்லை என்று ஆரம்பித்து, முழுவதையும் சொன்னேன். அவர் மனைவி காமாக்ஷி அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் அதைத் தொடவில்லை.

"வலது பக்கம் நன்னா இருக்குன்னு சக்தி என்கிட்ட சொன்னானே" என்றார் சார். "அதைத்தானே நானும் போலீஸ்ல சொன்னேன். வண்டில ஒரு குறையும் இல்லைன்னு."

"உங்ககிட்ட பொய் சொன்னது எனக்காக, சார்" என்றேன்.

காமாக்ஷி அம்மாள்தான் கேட்டார். "ஏம்மா, நாலு வளையம் கம்மியா வந்துடுத்துன்னு அன்னிக்குச் சொல்லியிருந்தா இவர் உங்களைக் கடிச்சா தின்னிருப்பார்? இன்னொரு நாலு வரவழைச்சிருப்பாரே!"

அவர்கள் முன்னால் நாம் எப்படி நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சார் சைஃப் அண்ணனுக்குப் போன் செய்தார். "வண்டியை யாரும் தொட வேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார். பிறகு என்னிடம், "ஒரு மனுஷன் போயிட்டான். அந்தக் குடும்பத்துக்கு இது தெரியுமோ?" என்றார். தெரியாது என்றேன். "முதல்ல அவாகிட்ட சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டிவாக்கம் போய்ச் சொன்னேன். இந்த முறை நான் யாரென்று முதலிலேயே சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப வெளையாட்டு இல்லியா?" என்று ஒன்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "எந்திச்சுப் போ" என்றார். எழுந்து வந்தேன். கீர்த்தி தெருமுனைவரை பின்னாலேயே வந்தாள். நான் பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

நேற்று சூடாமணி வக்கீலம்மாவைப் பார்த்தேன். சைஃப் அண்ணனும் கூட வந்தார். வண்டியை மறுபடி சோதிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார்கள். "விளையாட்டுக்கு வேகமா ஓட்டிக் கொன்னவனுக்கும், தப்பான பாகத்தோட நாப்பதுல ஓட்டினவனுக்கும் சட்டத்துல ஒரே தண்டனை இல்லைம்மா. குத்தம் குத்தம்தான். ஆனா வேற குத்தம்" என்றார். என் வேலையைப் பற்றிக் கேட்டேன். "சாட்சி சொன்னதுக்காக வேலை போகாது. ஆனா பொல்லாத ஆபீசர் வந்து மாட்டினா இழுத்தடிக்கலாம். உறுதியா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். போனால் போகட்டும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. மேசையும் நாற்காலியும் என் பெயர் எழுதின வருகைப் பதிவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு சட்டையும் அம்மா கொண்டுவருவாள்.

உன் தங்கை
ஜெயபாரதி

கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன். இதை எழுதாமல் உறையை ஒட்டிவிடத்தான் நினைத்தேன். தீபாவளிக்கு அடுத்த வாரம், 28-ம் தேதி, சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள். அண்ணனைக் காப்பாற்றத் தங்கை கட்டிய கதை என்று அரசு வக்கீல் ஒரே வரியில் தள்ளிவிடுவாராம். அப்போது நீதிபதி உன்னைப் பார்ப்பாராம். அந்த ஒரு நிமிஷம்தான் எல்லாம் என்றார் வக்கீலம்மா. என்னைப் படிக்கவைத்தாய், எனக்காகப் பொய் சொன்னாய், எட்டு மாதமாய் உள்ளே இருக்கிறாய். இவ்வளவுக்கும் மேலே உன்னிடம் ஒன்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் சொல்லும்போது, இல்லை என்று தலையாட்டாதே, அண்ணா.